கமராவைக் கேட்க முன்னர் தொழிலைக் கேட்ட மாஸ்ரர்: வன்னியில் இரண்டு இரவு நட்சத்திரப் படப் பயிற்சி

முதலில் காசைச் சொல்லிவிடுகிறேன். படத்தைக் காட்டினால் எல்லோரும் அதைத்தான் முதலில் கேட்கிறார்கள். பயிற்சிக்கு ஆளுக்கு 3,500 ரூபா. வெள்ளி இரவு, சனி இரவு, நடுவில் சனி பின்னேரம் இரண்டு மணித்தியாலம் லப்டொப் வகுப்பு. இரவுக்கு இடியப்பமும் சொதியும், நடுச்சாமத்தில் இஞ்சித் தேத்தண்ணி, கையில் ஒரு லமினேற் பண்ணிய அட்டை. கமராவும் முக்காலியும் போகிறவர்கள்தான் கொண்டுபோக வேண்டும். முக்காலி இல்லாதவர்களுக்கு இரவுக்கு 300 ரூபா வாடகை.

நடத்துகிறவர் ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர். இப்போது ஏ9 வீதியோரம் சின்ன ஸ்ரூடியோ ஒன்று வைத்திருக்கிறார். பெயரைப் போடட்டோ என்று கேட்டேன். "வேண்டாம் தம்பி, நட்சத்திரம் எண்டு பெயர் போட்டால் சாதகம் பாக்கவும் ஆக்கள் வருவினம்" என்றார். ஆகவே இங்கே அவர் வெறும் மாஸ்ரர்.

நான் மல்லாவிப் பக்கத்து நெல் ஆலை ஒன்றில் கணக்கு எழுதுகிறவன், வயது 43. வவுனியாவில் கை மாறி வந்த கனொன் 1300டி கமரா ஒன்றை, அதோடு வரும் 18-55 மில்லிமீற்றர் லென்சுடன், 62,000 ரூபாவுக்கு வாங்கி ஒன்றரை வருடம். பால்வீதியைப் படம் எடுக்க வேண்டும் என்ற ஒரே ஆசைதான். எங்கள் பக்கத்தில் கரண்ட் இல்லாத காலத்தில் வளர்ந்தவனுக்கு அந்த வானம் நன்றாகப் பழக்கம். முற்றத்தில் பாய் போட்டுப் படுத்தால் தலைக்கு மேலே சாம்பல் கொட்டிய மாதிரிக் கிடக்கும். ஆனால் அப்போது வானத்தைப் பார்ப்பது வேறு காரணத்துக்காக. வண்டு என்று நாங்கள் சொன்ன வேவு விமானம் சுற்றுகிறதா என்று காது கொடுத்துக்கொண்டு பார்க்கிற வானத்தில் நட்சத்திரத்தை எங்கே ரசிப்பது.

சரி, கமரா வந்தது, படம் வரவில்லை. ஒன்றரை வருடமாக வீடியோ வீடியோவாகப் பார்த்தேன். ஆங்கிலம் எனக்கு வாசித்தால் விளங்கும், ஆனால் சொல் சொல்லாக விளங்கியதை ஒன்றாகச் சேர்த்தால் கையில் எதுவும் நிற்பதில்லை. அதைவிட, அந்த வீடியோக்காரர்களின் வானம் எங்களுடைய வானமே இல்லை. "துருவ நட்சத்திரத்தை நோக்கிக் கருவியைத் திருப்புங்கள்" என்று சுலபமாகச் சொல்லிவிட்டுப் போகிறார்கள். கருவி என்றால் வானம் நகர நகரக் கமராவையும் சேர்த்துத் திருப்புவது. அவர்களுக்கு அது அடிவானத்திலிருந்து 40, 50 பாகை உயரத்தில் நிற்கிறது. ஓர் இடத்தின் அகலக்கோடு எத்தனை பாகையோ ஏறத்தாழ அத்தனை பாகையில்தான் துருவ நட்சத்திரம் தெரியும். எங்களுக்கு 9 பாகை. கையை நீட்டி முஷ்டியைப் பிடித்தால் ஒரு முஷ்டி உயரம். அந்த உயரத்தில் எங்கள் ஊரில் இருப்பது பனைமரமும் புழுதியும்தான். நான் இரண்டு இரவு வடக்கே தேடிவிட்டு, கருவி வாங்குகிற எண்ணத்தையே விட்டேன். இதை மாஸ்ரரிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. "சரியாத்தான் விட்டிருக்கிறீர். முதல் வருசம் அது தேவையே இல்லை" என்றார். பாதிக் காசு எனக்கு அந்த ஒரு வசனத்திலேயே திரும்பி வந்துவிட்டது.

பயிற்சி நடந்தது 2025 ஆனி மாதம், அமாவாசை கழிந்த வெள்ளியும் சனியும். இடம் வவுனிக்குளத்துக்கு அப்பால் ஒரு சூடடிக்கிற களம். சுற்றிவர சிறுபோக நெல், தெற்கே மறைப்பு இல்லை. வந்தவர்கள் ஏழு பேர். முல்லைத்தீவிலிருந்து கடற்றொழில் செய்கிற அண்ணை ஒருவர், கிளிநொச்சியில் கலியாண வீடுகளுக்குப் படம் எடுக்கிற பெடியன், தகப்பனோடு வந்த உயர்தரம் படிக்கிற பிள்ளை, இரண்டு வங்கி உத்தியோகத்தர்கள், நான், என்னோடு என் மச்சான். மச்சான் வந்தது இடியப்பத்துக்கு.

எல்லோரும் கமராவைப் பையிலிருந்து எடுக்கத் தொடங்கினோம். மாஸ்ரர் "அது இருக்கட்டும்" என்று மறித்துவிட்டு ஒவ்வொருவராக என்ன தொழில் என்று கேட்டார். மரியாதைக்குக் கேட்கிறார் என்று நினைத்தேன். நெல் ஆலை என்றதும் "ஈரப்பதன் பாக்கிற மெசின் இருக்கோ?" என்றார். இருக்கிறது என்றேன். "ஒரு மூட்டையை ஒருக்கா மட்டும் பாத்து விலை போடுவியளோ?"

போட மாட்டோம். நெல் வாங்குவதற்கு ஈரப்பதன் 14 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. ஆனால் அந்த மெசின் ஒரே மூட்டைக்கு ஒரு தடவை 13.6 காட்டும், அடுத்த தடவை 14.5 காட்டும். விவசாயி ஒரு பக்கம் நின்று சண்டை பிடிப்பார். நாங்கள் மூட்டையின் அடி, நடு, மேல் என்று குத்தி எடுத்துப் பல தடவை பார்த்துச் சராசரி போடுவோம். இதைச் சொன்னேன்.

"அவ்வளவுதான் தம்பி. உங்கட கமராவும் அந்த மெசின்தான். ஒவ்வொரு புள்ளியிலையும் எவ்வளவு வெளிச்சம் எண்டு அளக்குது, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் பிழைக்குது. அந்தப் பிழைதான் படத்தில மண் தூவின மாதிரித் தெரியிறது. ஒரே இடத்தை நாலு தரம் எடுத்துச் சராசரி போட்டால் தடுமாற்றம் பாதியாகும். நூறு தரம் எடுத்தால் பத்தில ஒண்டு."

இந்தச் சராசரி போடுவதைத்தான் படங்களை அடுக்குவது என்று எத்தனை வீடியோவில் கேட்டிருக்கிறேன்! அடுக்கினால் வெளிச்சம் கூடும் என்றுதான் அன்றுவரை நினைத்திருந்தேன். வெளிச்சம் கூடுவதில்லை, அளவின் தடுமாற்றம் குறைகிறது. மண் அடங்கினால்தான் அதற்குள் புதைந்து கிடக்கிற மங்கலான பால்வீதியைப் பிறகு இழுத்து வெளிச்சமாக்க முடியும். நாலுக்குப் பாதி, நூறுக்குப் பத்தில் ஒன்று என்றால் வர்க்கமூலக் கணக்கு. நாலு படத்திலிருந்து பதினாறுக்குப் போனால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். நானூறிலிருந்து நானூற்றுப் பன்னிரண்டுக்குப் போய் ஒரு பிரயோசனமும் இல்லை. எப்போது நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்பதும் இதே கணக்கில் வந்துவிடுகிறது. இதை எனக்கு யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை.

அதோடு விடவில்லை. "மூட்டையை நிறுத்தால் சாக்கின்ரை எடையை என்ன செய்வியள்?" கழிப்போம். "லென்சின்ரை மூடியைப் போட்டு, அதே நேரம், அதே ஐஎஸ்ஓ (பதிந்த வெளிச்சத்தைக் கமரா எவ்வளவு பெருக்கிக் காட்டும் என்ற எண்), அதே குளிரில இருபது படம் எடுங்கோ. அதுதான் வெறுஞ்சாக்கு. வெளிச்சமே இல்லாமல் கமரா தானாகப் போடுற புள்ளியள் அதில வரும். மென்பொருள் அதைக் கழிச்சுப்போடும்." பிறகு தராசுத் தட்டு. எங்கள் பழைய தட்டுத் தராசின் ஒரு மூலையில் மூட்டையை வைத்தால் எடை குறைத்துக் காட்டும். லென்சும் அப்படித்தான், நடுவில் முழு வெளிச்சம், மூலைகளில் குறைவு. விடியற்காலை வானத்தை நோக்கி, லென்சின் மேல் வெள்ளை ரீசேட்டை இழுத்துக் கட்டி எடுக்கிற படம் அந்த மூலைக் கோளாறை அளந்து தரும். ஆனால் இதைக் கழிக்கக் கூடாது, வகுக்க வேண்டும். பத்துக்கு ஒன்பது காட்டுகிற தராசை எப்படித் திருத்துவோமோ அப்படி.

மற்றவர்களுக்கு வேறு கதை. அது எனக்கு இன்னும் பிடித்திருந்தது. நட்சத்திரம் ஏன் கோடாக இழுபடுகிறது என்பதற்கு முல்லைத்தீவு அண்ணையிடம், "நங்கூரம் போடாத வள்ளத்தில இருந்து கரை லைட்டைப் படம் எடுத்தால்?" என்று கேட்டார். அண்ணை யோசிக்கவே இல்லை. "இழுபடும். கெதியா எடுக்கோணும்." "வள்ளம் போற பக்கத்துக்கு எதிராத் துடுப்புப் போட்டால்?" "அப்ப கொஞ்சம் நேரம் வைச்சு எடுக்கலாம்." அந்தத் துடுப்புத்தான் நான் வாங்க நினைத்த, பூமி சுழலும் வேகத்துக்கு எதிராகக் கமராவைத் திருப்பும் கருவி. வங்கிக்காரருக்கு வட்டிக் கணக்கில் ஏதோ சொன்னார். எனக்கு அது பிடிபடவில்லை, அவர்களுக்கும் பிடிபட்ட மாதிரித் தெரியவில்லை. எல்லா உவமானமும் எல்லா நாளும் வேலை செய்யாது.

நல்ல கேள்வி கேட்டது அந்தப் பிள்ளைதான். "சேர், என்ரை போனும் எஃப் 1.8 எண்டு போட்டிருக்கு. இந்த அண்ணையின்ரை லென்சும் எஃப் 1.8. அப்ப ஏன் என்ரை படத்தில நட்சத்திரம் குறைவு?" கலியாணப் பெடியனின் 50 மில்லிமீற்றர் லென்சைத்தான் காட்டினாள். மாஸ்ரர் மணலில் இரண்டு வட்டம் கீறினார். ஐம்பதை 1.8 ஆல் பிரித்தால் வெளிச்சம் நுழைகிற ஓட்டையின் அகலம், ஏறத்தாழ 28 மில்லிமீற்றர். போனின் லென்சு 5 மில்லிமீற்றர் அளவு, அதை 1.8 ஆல் பிரித்தால் 3 மில்லிமீற்றருக்கும் குறைவு, பயறு அளவு. "வாய்க்கால்த் துருசு பயறளவு திறந்தால் எவ்வளவு தண்ணி வரும்?" பரப்பைக் கணக்குப் போட்டால் எண்பது மடங்குக்கு மேல் வித்தியாசம். நட்சத்திரம் வெறும் புள்ளி என்பதால் அதன் வெளிச்சத்தைப் பிடிக்கிறது அந்த ஓட்டையின் உண்மையான அகலம். பிள்ளையின் முகம் கொஞ்சம் வாடியது. உடனே "ஆனா போனிலை முப்பது விநாடி வைக்கலாம், பால்வீதி வரும், முக்காலியிலை கட்டு" என்றார். வந்தது. அவளுடைய அப்பா அந்தப் படத்தை அன்றிரவே லண்டனில் இருக்கிற தம்பிக்கு அனுப்பிவிட்டார்.

துருசை வைத்தே ஐஎஸ்ஓவையும் தெளிவாக்கினார். துவாரத்தின் அகலம், திறந்து வைக்கிற நேரம், இந்த இரண்டும்தான் தண்ணீரைத் தீர்மானிக்கும். ஐஎஸ்ஓவைக் கூட்டினால் தண்ணீர் கூடாது, வந்த தண்ணீரை உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்ப்பது மாதிரித்தான். ஐஎஸ்ஓ 6400க்கு ஏற்றி ஏற்றிப் படத்தைக் கெடுத்தவன் நான். இப்போது 1600ஐத் தாண்டுவதில்லை.

இனிக் குவியம். என்னுடைய பழைய படங்கள் கெட்டதற்கு முக்காலே மூன்றுவீசம் காரணம் இதுதான் என்று இப்போது தெரிகிறது, ஆகவே விரிவாகச் சொல்கிறேன். இருட்டில் ஓட்டோபோகஸ் வேலை செய்யாது என்பது தெரியும். லென்சை முழுக்கக் கடைசிவரை திருப்பிவிட்டால் தூரத்துக் குவியம் வந்துவிடும் என்று நம்பியிருந்தேன். வராது. பெரும்பாலான லென்சுகள் முடிவிலிக்கும் அப்பால் கொஞ்சம் திரும்பும். மாஸ்ரர் என் கமராவில் காட்சியை நேரே திரையில் காட்டுகிற லைவ் வியூவைப் போட்டு, தெற்கே வடலிக்கூட்டத்துக்கு மேலே நின்ற பிரகாசமான நட்சத்திரத்தை நடுவுக்குக் கொண்டுவரச் சொன்னார். அல்பா சென்டோரி. சூரியனை விட்டால் எங்களுக்குக் கிட்ட இருக்கிற நட்சத்திரக் கூட்டம் அதுதான், 4.3 ஒளியாண்டு. வடக்கே தூரத்து நாடுகளில் இருக்கிற வீடியோக்காரர்கள் பலருக்கு இது அடிவானத்துக்கு மேலே வருவதே இல்லை. எங்களுக்கு ஆனி மாதம் பொழுதுபட்டதும் தெற்கே 20 பாகையில் நிற்கிறது.

பெரிதாக்கும் பொத்தானை இரண்டு தரம் அமத்தினால் 10 மடங்கு. திரையில் அவித்த இடியப்ப உருண்டை மாதிரி ஒரு மங்கல் வட்டம். லென்சின் முன் வளையத்தை நகத்தால் தள்ளுகிற அளவுக்குத் திருப்பினேன். வட்டம் சுருங்கிச் சோற்றுப்பருக்கை, பிறகு கடுகு, பிறகு மறுபடியும் பருக்கை. "தாண்டிப் போட்டீர். திரும்பி வாரும்." திரும்பினேன். கடுகு. பக்கத்தில் அதுவரை தெரியாத இன்னொரு மங்கல் புள்ளி திடீரென்று முளைத்தது. "அந்தச் சின்னன் தெரிஞ்சால் சரி. இனித் தொடக்கூடாது" என்று சொல்லி, சட்டைப் பையிலிருந்து காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்ரரைக் கிழித்து வளையத்தின் மேல் ஒட்டிவிட்டார். அந்தத் துண்டு இன்னும் என் லென்சில் இருக்கிறது. பிரகாசமான நட்சத்திரத்தைப் பார்த்துக் குவியம் செய், பக்கத்து மங்கல் நட்சத்திரத்தைப் பார்த்துச் சரிபார். இவ்வளவையும் ஒரே வரியில் யாராவது எனக்கு எழுதித் தந்திருந்தால் ஒன்றரை வருடம் மிஞ்சியிருக்கும்.

பத்து மணி போல தூரத்தில் யானைவெடி ஒன்று கேட்டது. யாரோ வயலுக்குள் இறங்கிய யானையைக் கலைக்கிறார்கள். மூத்தவர்கள் ஐந்து பேரும் ஒரு கணம் குனிந்தோம். பிள்ளை மட்டும் நின்றபடி "என்ன சேர், எல்லாரும் லென்ஸ் மூடி தேடுறியளோ?" என்றாள்.

இனிக் குறைகள். முதலாவது, அந்த லமினேற் அட்டை. அழகான அட்டை, பெரிய எழுத்து, சிவப்பு ரோச் வெளிச்சத்திலும் வாசிக்கலாம். ஆனால் அதில் ஒரு கணக்குப் பிழை. எத்தனை விநாடி திறந்து வைக்கலாம் என்பதற்கு "500ஐ லென்சின் மில்லிமீற்றரால் பிரிக்கவும்" என்று போட்டிருந்தது. என் லென்சுக்கு 500 ÷ 18, கிட்டத்தட்ட 28. கமராவில் அதற்குக் கீழே 25 விநாடிதான் இருக்கிறது, அதை வைத்தேன். முதல் இரவு முழுக்க 25 விநாடி. சனி காலை பெரிதாக்கிப் பார்த்தால் ஒவ்வொரு நட்சத்திரமும் நெல்மணி. புள்ளியாக ஒன்றுகூட இல்லை.

அந்த 500 விதி முழு அளவு உணரி (லென்சுக்குப் பின்னால் வெளிச்சத்தைப் பிடிக்கிற தகடு) கொண்ட கமராவுக்கு உரியது. என்னுடையது சின்ன உணரி. பிரிக்க முன்னர் 18ஐ 1.6 ஆல் பெருக்க வேண்டும், அப்போது 17 வரும். அதுவும் பிலிம் காலத்துத் தாராளம். இப்போதைய உணரிகளில் புள்ளிகள் நெருக்கம் என்பதால் அதுவும் கூடுதல். வானம் விநாடிக்கு 15 விற்செக்கன் நகரும் (ஒரு பாகையின் 3,600இல் ஒரு பங்கு ஒரு விற்செக்கன்). என் கமராவில் 18 மில்லிமீற்றரில் ஒரு புள்ளி ஏறத்தாழ 49 விற்செக்கனைப் பிடிக்கிறது. ஆகவே 25 விநாடியில் ஏழெட்டுப் புள்ளி நீளத்துக்கு இழுபடும், 13 விநாடியில் நாலு புள்ளி. நாலு கண்ணை உறுத்தாது, எட்டு உறுத்தும்.

சனி பின்னேரம் இதை எடுத்துக் காட்டினேன். ஆசிரியர்களுக்கே உரிய முகம் ஒன்று வந்தது. "ஆரம்பத்துக்கு அது காணும்" என்றார். காணாது மாஸ்ரர் என்று படத்தைப் பெரிதாக்கிக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். இரவு களத்துக்கு வந்தபோது எல்லோருடைய அட்டையின் பின்பக்கத்திலும் மார்க்கர் பேனாவால் அவரவர் கமராவுக்கும் லென்சுக்கும் தனித்தனியாக விநாடி எழுதித் தந்தார். அதற்கு அவர் பயன்படுத்தியது திருத்தமான கணக்கு. துவார எண்ணை, அதாவது அந்த எஃப் எண்ணை, 35 ஆல் பெருக்கி, உணரிப் புள்ளியின் அகலத்தை மைக்ரோனில் எடுத்து 30 ஆல் பெருக்கிக் கூட்டி, லென்சின் மில்லிமீற்றரால் பிரிக்க வேண்டும். எனக்கு துவாரம் 3.5, புள்ளி 4.3. கூட்டினால் 251.5, பதினெட்டால் பிரித்தால் 14. கமராவில் அதற்குக் கீழே இருப்பது 13 விநாடி. கலியாணப் பெடியனின் 50 மில்லிமீற்றர் லென்சை என் கமராவில் பூட்டினால் அட்டையின் கணக்கு 10 விநாடி சொல்லும், இது 4 தான் சொல்கிறது. அந்த லென்சை 1.8 இல் முழுக்கத் திறந்தால் மூலை நட்சத்திரங்களுக்கு இறகு முளைக்கிறது, 2.8க்கு ஒடுக்கினால் சரி.

பிழையை ஒத்துக்கொண்டது பெரிய விசயம். ஆனால் முதல் இரவு போனது போனதுதான். அட்டையைத் திருத்தி அச்சடிக்காமல் அடுத்த வகுப்புக்குக் கொடுத்தால் அது நியாயம் இல்லை.

இரண்டாவது குறை லப்டொப் வகுப்பு. களத்தில் நிதானமாகச் சொல்லித் தந்த அதே ஆள், லப்டொப்புக்கு முன் குந்தியதும் வேறு ஆளாகிவிட்டார். அங்கே அமத்து, இங்கே இழு, இதை விடு. தொழில் கேட்கவில்லை, சாக்கும் தராசும் காணாமல் போய்விட்டன. டீப்ஸ்கைஸ்டாக்கர், சீக்குவேற்றர் என்ற இரண்டு மென்பொருளையும் காட்டினார், இரண்டும் இலவசம். வானம் மட்டும் என்றால் முதலாவது, கீழே மரம், குளக்கட்டு என்று தரையும் வந்தால் இரண்டாவது. வானம் நகர, தரை நிற்க, இரண்டையும் சேர்த்து அடுக்கினால் தரை கலங்கிவிடும், சீக்குவேற்றர் தரையைத் தனியாக நிறுத்தி வைக்கும். இதுவரை சரி. அடுக்கிய படம் முதலில் கன்னங்கரேலென்று வரும், அதை மென்பொருளில் இருக்கிற வெளிச்ச வளைகோட்டால் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து வெளிச்சமாக்க வேண்டும். பால்வீதி உண்மையில் வெளியே வருவது அந்த இடத்தில்தான். அதற்குக் கடைசிப் பதினைந்து நிமிடம். குறிப்பு எதுவும் தரவில்லை. இரண்டு மணித்தியாலத்தில் ஏழு பேருக்கு இவ்வளவுதான் முடியும் என்றால் ஒரு பகல் முழுக்க வைக்கலாமே.

மூன்றாவது, களத்தில் பெண்களுக்கு மலசலகூட வசதி இல்லை. அந்தப் பிள்ளையைத் தகப்பன் அரை மைல் தள்ளி இருந்த வீடொன்றுக்கு மோட்டார் சைக்கிளில் கூட்டிப் போய் வந்தார், அதுவும் யானை உலாவுகிற நேரத்தில். இதைக் கட்டாயம் சீர்செய்ய வேண்டும்.

மற்ற ஆயத்தம் நன்றாகவே இருந்தது. கிராம அலுவலருக்கு முன்கூட்டியே சொல்லி, கடிதமும் கையில் வைத்திருந்தார். இரவில் ஏழு பேர் முக்காலியோடு வயலுக்குள் நின்றால் யாரும் வந்து விசாரிப்பார்கள்தானே. சனி இரவு ரோந்து ஜீப் ஒன்று வந்தது, கடிதத்தைப் பார்த்துவிட்டுப் போய்விட்டது. அதன் ஹெட்லைட் வெளிச்சத்தில் எனக்கு இரண்டு படம் பழுதானது மட்டும்தான் நட்டம்.

எதைச் சொல்லாமல் விடுவது என்று மாஸ்ரருக்குத் தெரிந்திருக்கிறது. இதை நான் கடைசியில்தான் கவனித்தேன். கலியாணப் பெடியன் எங்கோ வாசித்துவிட்டு வந்து பயஸ் படம் (மூடி போட்டு, ஆகக் குறைந்த நேரத்தில் எடுப்பது) எடுக்க வேண்டாமா என்று கேட்டான். "மூண்டு மாசம் கழிச்சு வந்து கேளும்" என்றார். கமராவிலேயே அந்த மண்ணைக் குறைக்கிற வசதியைப் பற்றிக் கேட்டபோது "நிப்பாட்டும், அது ஒவ்வொரு படத்துக்கும் இரண்டு மடங்கு நேரம் தின்னும்" என்று ஒரே வரி. எல்லாம் தெரிந்தவர்கள் எல்லாவற்றையும் சொல்லிவிடுவார்கள், கேட்கிறவன் எதிலிருந்து தொடங்குவது என்று தெரியாமல் கமராவை அலுமாரியில் வைத்துவிடுவான். என் கமரா ஆறு மாதம் அலுமாரியில்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்து நான் செய்த கூத்தையும் சொல்ல வேண்டும். சனி இரவு 64 படம் எடுத்தேன், ஒவ்வொன்றும் 13 விநாடி, மொத்தம் 14 நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. 64இன் வர்க்கமூலம் 8, மண் எட்டில் ஒன்றாகும். ஆனால் மூடி போட்ட படங்களை எடுக்க மறந்துவிட்டேன். அதற்கென்ன, திங்கள் மத்தியானம் ஆலையில் எடுத்தால் போச்சு என்று, தகரக் கூரைக்குக் கீழே, வியர்வை வழிய வழிய இருபது படம் எடுத்தேன். அடுக்கினேன், என் பழைய லப்டொப்புக்கு நாற்பது நிமிடம். வந்த படத்தில் பால்வீதி முழுக்கக் கறுப்புத் துளைகள், பேன் கடித்த மாதிரி. மாஸ்ரருக்கு வட்ஸ்அப்பில் அனுப்பினேன். பதில் ஒரே வரி: "வெறுஞ்சாக்கை நனைச்சுப்போட்டு நிறுத்திருக்கிறீர்."

நனைந்த சாக்கு எடை கூட. சூட்டில் கமரா தானாகப் போடுகிற புள்ளிகளும் கூட. அதிகமாக இருந்ததைக் கழித்ததால் படத்தில் பள்ளம் விழுந்துவிட்டது. அடுத்த இரவு முற்றத்தில், கமரா வெளிக்காற்றில் ஆறும்வரை வைத்து, மறுபடி இருபது எடுத்து அடுக்கினேன். துளைகள் போய்விட்டன.

படத்தை ஏ4 அளவில் எடுத்து அப்பாவிடம் காட்டினேன். அவருக்கு 74. வயலில் இரவுக் காவல் கிடந்த காலத்தில் நட்சத்திரத்தைப் பார்த்து நேரம் சொன்னவர். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, விரலால் கேட்டையைத் தொட்டார், செம்மஞ்சளாக இருப்பது அது. அங்கிருந்து தேள்வால் வழியாக இறங்கி மூலத்தில் நிறுத்தினார். கீழே வடலிகள் தெரிந்தன. "தெற்குத்தானே? மூலம் உச்சிக்கு வந்திட்டுது. ஆனி மாசம். பதினொண்டரை இருக்குமே?" கோப்பைத் திறந்து பார்த்தேன். 11.24.

ஐந்துக்கு நான் நாலு கொடுப்பேன். அட்டையைத் திருத்தி, லப்டொப் வகுப்பைத் தனிநாளாக வைத்தால் அந்த நாளுக்கு இன்னும் 2,000 ரூபா தரவும் ஆயத்தம். புதிதாகக் கமரா வாங்கியவர்களும், என்னைப் போல வாங்கி அலுமாரியில் வைத்தவர்களும் தாராளமாகப் போகலாம். ஏற்கெனவே கருவி பூட்டி, பல நிமிடப் படம் எடுக்கிறவர்களுக்கு இது தேவையில்லை. போகிறவர்கள் கமராவின் கோப்பை முதலே றோவுக்கு (கமரா அளந்ததைச் சுருக்காமல் அப்படியே வைக்கிற கோப்பு) மாற்றிக்கொண்டு போங்கள், ஜேபெக்கில் எடுத்த மச்சானின் படங்களை அடுக்கியபோது வானம் படிபடியாகத் திட்டுத்திட்டாக வந்தது. லென்சை வீட்டில் வைக்கும்போது காற்றுப் போகாத சாப்பாட்டுப் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள், மாரியில் பூஞ்சணம் பிடித்தால் லென்சு போச்சு. ஆனி, ஆடியில் சோளகக் காற்று முக்காலியை ஆட்டும். ஆகவே வெறுஞ்சாக்கு ஒன்றும் கொண்டுபோங்கள், களத்து மண்ணை அள்ளிக் கட்டி நடுக்கம்பியில் தொங்கவிடலாம்.